இஸ்தோப்பில் ஒரு கைப்பழக்கம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர். கொழும்பில் கடையொன்றில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தால், இராச்சாப்பாடு முடிந்ததும் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்விறாந்தையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து 'ஃப்ரீ ஃபயர்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போனில் ஆடுவார். சுடுவதற்கான பொத்தான் மற்றவர்களுக்குத் திரையின் வலது கீழ்ப்பக்கத்தில், கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் இருக்கும். இவருக்கு அது திரையின் மேற்பாதியில் இருக்கிறது. ஆள்காட்டி விரலை வளைத்து மேலிருந்து கொண்டுவந்து அதைத் தொடுகிறார். கேட்டதற்குக் காரணம் சொன்னார். அவர் கைக்கு முதன்முதலில் வந்தது அக்கா பாவித்துக் கழித்த போன். பீலிக்கரைக் கல்லில் விழுந்து அதன் வலது மூலை வெடித்துப்போயிருந்தது. அந்த இடத்தில் விரல் வைத்தால் போனுக்குத் தெரியாது. பொத்தான்களை விரும்பிய இடத்துக்கு நகர்த்த விளையாட்டிலேயே வசதி உண்டு என்பதால், பழுதில்லாத இடமாகப் பார்த்து மேலே ஏற்றிவிட்டார். அந்தப் போன் செத்து வருடக்கணக்காகிறது. இப்போதிருப்பது மூலைமுடுக்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற போன். "மாத்திப் பாத்தேன் சேர். கை பழைய எடத்துக்குத்தான் போகுது" என்றார்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களின் கிறுக்கு என்று பெரியவர்கள் தள்ளிவிடுகிற பழக்கங்களில் பலவற்றுக்கு இப்படியொரு பின்கதை இருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பது, சுட்டு முடித்ததும் தேவையே இல்லாமல் மறுபடி தோட்டா நிரப்புவது, கிடைத்த மருந்துப் பெட்டிகளைக் கடைசிவரை செலவழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே செத்துப்போவது, ஆட்டம் தொடங்குமுன் திரையை மூன்று தடவை துடைப்பது என்று ஆளுக்கொரு பழக்கம். ஒரு பழக்கத்தில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது, எந்தப் பகுதி அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதை ஒட்டவைத்தது எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. மலையகத்தில் இப்படிப் பார்ப்பதற்குத் தனிப்பெறுமதி உண்டு. கருவி, மின்சாரம், சிக்னல், இடம், தனிமை ஆகிய எல்லாமே இங்கே குறை. குறைவான இடத்தில் பழக்கம் கூடுதலாக வளர்கிறது.

திரை விளையாட்டு தோட்டத்துக்கு வந்தது போனோடு அல்ல. லயங்களுக்கு மின்சாரமும் தொலைக்காட்சியும் வந்த காலத்திலேயே ஹட்டன் கடைகளில் 'டிவி கேம்' பெட்டிகள் விற்கப்பட்டன. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகொம் கருவியைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள் அவை. கெசட்டைச் செருகினால் மாரியோவும் கொன்ட்ராவும் ஓடும். கையடக்க 'பிரிக் கேம்' இன்னொரு பக்கம் வந்தது. மொஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ்தான் அதன் உயிர். நோக்கியா போன்களில் பாம்பு விளையாட்டு 1997இலிருந்து வந்தது. பிறகு நகரத்துக் கொமியூனிகேஷன் கடைகளின் கணினிகள், அதன்பின் அண்ட்ரொய்ட் போன்கள்.

பெரிய திருப்பம் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்தது. வகுப்பு வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனது. பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுக்காவிட்டால் படிப்புக் கெட்டுவிடும் என்ற நிலையில் கடன்பட்டும் நகை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறிப் பாடம் கேட்ட காலம் அது. அதே போனில் விளையாட்டும் ஏறியது. 2017இல் வெளியான ஃப்ரீ ஃபயர் இங்கே வேரூன்றியதற்கு வலுவான காரணம் உண்டு. நூறு பேர் மோதும் பப்ஜியைவிட அது சிறியது, மலிவான போனிலும் ஓடும். ஐம்பது பேர் மோதுவார்கள், ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். 2020இன் நடுப்பகுதியில் உலகெங்கும் ஒரே நாளில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் அதை ஆடியதாக அதன் தாய் நிறுவனமான 'சீ' அறிவித்தது. இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது. இலங்கையில் அப்படித் தடை வரவில்லை. ஆட்டம் குறுகியது என்பதால், அம்மா கொழுந்தெடுக்கப் போய், அக்காவுக்கு வகுப்பு தொடங்குமுன் கிடைக்கிற இடைவெளிக்குள் ஒரு ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது பகிர்ந்து பாவிக்கிற போனுக்குப் பெரிய விடயம்.

டிவி கேம் காலத்துப் பழக்கம் ஒன்றைச் சற்று நின்று பார்ப்போம். கெசட் வேலை செய்யாவிட்டால் கழற்றி, அதன் அடிவாயில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகுவோம். படம் வந்துவிடும். மஸ்கெலியாவில் ஊதியவனுக்கும் அமெரிக்காவில் ஊதியவனுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஊதினார்கள். நிண்டெண்டோவோ ஊதவேண்டாம் என்று அறிவுறுத்தியது. மூச்சிலுள்ள ஈரம் செப்புத் தொடுமுனைகளை அரித்துவிடும் என்பது காரணம். அப்படியானால் படம் எப்படி வந்தது? கெசட்டைக் கழற்றி மறுபடி செருகியதால்தான். தொடுமுனைகள் ஒன்றோடொன்று உராய்ந்து புதிதாகப் பொருந்தின. பலித்தது செருகல், பெயர் வாங்கியது ஊதல். இரண்டையும் எப்போதும் சேர்த்தே செய்ததால் பிரித்துப் பார்க்க எவருக்கும் வழி இருக்கவில்லை.

இன்று அதே இடத்தில் 'ஏரோப்ளேன் மோட்' வந்திருக்கிறது. ஆட்டம் திக்கத் தொடங்கினால், அல்லது திரையின் மூலையில் இணைப்பின் தாமதத்தைக் காட்டும் பிங் எண் சிவப்பாக மாறினால், போனை ஏரோப்ளேன் மோட்டுக்குப் போட்டு, சிலர் பத்துவரை எண்ணி, சிலர் போனைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு மீட்டெடுப்பார்கள். இதில் வேலை செய்கிற பகுதி ஒன்று இருக்கிறது. அப்படி அணைத்துப் போடும்போது போன் வலையமைப்போடு புதிதாகப் பதிவாகிறது. தூரத்துக் கோபுரமொன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு நல்ல சிக்னல் உள்ள கோபுரத்தோடு சேர வாய்ப்புக் கிடைக்கிறது. எண்ணுவதும் சுற்றுவதும் சும்மா. ஆனால் இஸ்தோப்பின் குறிப்பிட்ட ஒரு மூலையில்தான் உட்கார வேண்டும், தகரக் கூரைக்குக் கீழே நடுவறையில் உட்காரக்கூடாது என்ற பழக்கம் சும்மா அல்ல. தகரம் அலையை மறிக்கும். மலை அதைவிட மோசமாக மறிக்கும். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் முழுச் சிக்னல் இருக்க, இந்தப் பக்கத்து லயத்தில் ஒன்றுமே இல்லாதிருப்பது மலைநாட்டில் அன்றாடக் காட்சி. எந்த வீட்டின் எந்தப் படியில் உட்கார்ந்தால் கோடு கிடைக்கும் என்பது தோட்டத்துப் பையன்களுக்கு மனப்பாடம். அது அவர்கள் நடந்து நடந்து வரைந்த வரைபடம், அதை நான் அறிவு என்றே சொல்வேன்.

பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்பது இன்னொரு உறுதியான நம்பிக்கை. மூட்டம் கவிந்ததும் ஆட்டத்தைத் தொடங்காமல் போனை வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல்படி, கைத்தொலைபேசி பாவிக்கிற அலைவரிசைகளை மூடுபனி தடுப்பது அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். நீரால் அலை நலிவதெல்லாம் பெரும்பாலும் பத்து கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில். ஆனால் ஒரு கோபுரத்தையும் இன்னொரு கோபுரத்தையும் இணைக்கிற நுண்ணலைத் தொடுப்புகள் அந்த வரிசையில் இயங்குவதுண்டு. அவற்றைக் கனமழை பாதிக்கும். மூட்டமும் மழையும் சேர்ந்து வருகிற ஊரில், மழை செய்ததை மூட்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அத்தோடு மழைக்குக் கரண்ட் போனால் கோபுரத்துக்கும் கேடு. கெசட்டில் நடந்த அதே பிழை இங்கேயும் நடக்கிறது. நம்பிக்கையின் அடியில் உண்மை இருக்கிறது, விரல் மட்டும் பக்கத்தில் நிற்பதைக் காட்டுகிறது.

உடம்புப் பழக்கங்கள் வேறு வகை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசுக்கு அண்மையில் நிற்கும், தை மாசியில் புல்லில் உறைபனியும் விழும். விரல் குளிர்ந்தால் மூட்டு இறுகும், தொடுகை மந்தமாகும். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. காய்ந்து தடித்த தோலை அது சரியாக உணராது. ஈரத் துளி விழுந்தால் இல்லாத தொடுகையை இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அடுப்படியில் கையைச் சூடுகாட்டிவிட்டு வந்து உட்காருவது, பிளேன்டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டுப் போனை எடுப்பது, கட்டைவிரலைக் காற்சட்டையில் தேய்ப்பது எல்லாம் மலைநாட்டுக் கருவிப் பராமரிப்பு. கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன விரலோடு ஞாயிற்றுக்கிழமை 'லூடோ' ஆட உட்காருகிற அம்மாமார் விரல்நுனியை நாக்கில் தொட்டுவிட்டுத் திரையில் வைப்பதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கேலிக்கு அதில் ஒன்றுமில்லை. அந்தத் தோலுக்கு அதுதான் வழி.

காதுப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இயர்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டப்பட்ட பழைய காம்பராக்கள். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். சத்தமாக வைத்தால் அயல் பேசும், இரண்டு காதையும் அடைத்தால் அம்மா கூப்பிடுவது கேட்காது. "காதுல என்னாத்தடா சொருகி வச்சிருக்க, எத்தன வாட்டி கூப்புடுறது" என்ற ஏச்சு பழகிப்போன பிறகு ஒரு காது வீட்டுக்கு, ஒரு காது ஆட்டத்துக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது. இதனால் விளையாட்டில் ஒரு இழப்பு உண்டு. எதிரியின் காலடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது இரண்டு காதுக்கும் வரும் ஒலியின் வேறுபாட்டால்தான் தெரியும். ஒற்றைக்காதுக்காரனுக்குத் திசை தெரியாது. அதற்கு ஈடாக அவன் பார்வையை ஓயாமல் சுற்றுகிறான். ஓடும்போதும் நிற்கும்போதும் திரை அலைந்துகொண்டே இருக்கும். கொழும்பில் தனியறையில் இரண்டு காதுக்கும் ஹெட்செட் போட்டு ஆடுகிற கூட்டாளிக்கு அது பதற்றமாகத் தெரிகிறது. லயத்துச் சுவர் அவன் விரலில் எழுதிய பழக்கம் அது. தங்கைகளின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. போன் அண்ணனுக்குப் பிறகுதான் கைக்கு வரும், அதுவும் கம்பளிக்குள், சத்தமே இல்லாமல்.

வளைவில் உடம்பைச் சாய்ப்பதும், சாகும் தறுவாயில் பொத்தானைக் கண்ணாடி உடையுமளவுக்கு அழுத்துவதும் உலகப்பொது. உடம்பு சாய்வதால் கார் திரும்புவதில்லை. ஆனால் உடம்பின் இந்த மாதிரி அசைவெல்லாம் வீண் என்று முடிவுகட்டவும் முடியாது. கலிபோர்னியாவில் டேவிட் கேர்ஷ், போல் மாக்லியோ என்ற இருவர் டெட்ரிஸ் ஆடுபவர்களை ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் விழுகிற கட்டையைத் தேவைக்கு அதிகமாகத் திருப்புவதை அவர்கள் கண்டார்கள். திருப்பி, மறுபடி பழைய நிலைக்கே கொண்டுவருவார்கள். பார்க்க வீண்வேலை. ஆராய்ந்தபோது தெரிந்தது, மனதுக்குள் அந்தக் கட்டையைச் சுழற்றிப் பார்ப்பதைவிடத் திரையில் சுழற்றிப் பார்ப்பது விரைவானது, சுலபமானது என்பது. அவர்கள் கையால் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பிரிக் கேம் வைத்திருந்தவர்கள் கட்டை கீழே வரும்வரை 'டக் டக்' என்று திருப்பிக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஏச்சு வாங்காதவர் இல்லை.

இன்னொன்று, ஒரு போனில் இரண்டு பேர் ஆடுகிற வீடுகளில் தினமும் சண்டை கிளப்புவது. பார்வையை மேலே உயர்த்த விரலை மேலே தள்ளவேண்டுமா, கீழே இழுக்கவேண்டுமா? கன்ட்ரோலர் கொண்டு ஆடுபவர்களில் உலகெங்கும் ஒரு பகுதியினர் இதைத் தலைகீழாக வைத்துத்தான் ஆடுவார்கள். ஏன் என்று கேட்டால், முதலில் ஆடிய விளையாட்டு அப்படி, விமான விளையாட்டு ஆடிப் பழகியது என்று காரணம் சொல்வார்கள். பிரித்தானியாவின் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் கோர்பெட்டும் யாப் முன்னெக்கேயும் இதைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டக்காரர்கள் சொன்ன காரணங்கள் அவர்களுடைய தெரிவை அவ்வளவாக விளக்கவில்லை. மனதுக்குள் ஒரு பொருளை எவ்வளவு வேகமாகச் சுழற்றிப் பார்க்கிறார்கள் என்பது போன்ற மூளைத்திறன்களே கூடுதலாக விளக்கின. நம் பழக்கத்துக்கு நாமே சொல்கிற காரணம் பெரும்பாலும் பிறகு தேடிக்கொண்டது. இந்த எச்சரிக்கை என் பொகவந்தலாவை இளைஞருக்கும் பொருந்தும். வெடித்த மூலை பொத்தானை மேலே ஏற்றியது என்பது உறுதி. அது அங்கேயே தங்கிவிட்டதற்கு ஆள்காட்டி விரலின் வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு கட்டைவிரல்களை மட்டும் நம்பாமல் ஆள்காட்டி விரலையும் மேலே கொண்டுவந்து நகம்போல வளைத்துப் பிடிப்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்பியே செய்கிறார்கள். அவர் குறையால் போய்ச் சேர்ந்த இடத்துக்கு மற்றவர்கள் பயிற்சியால் வருகிறார்கள்.

இனி, கைக்கும் கருவிக்கும் சம்பந்தமில்லாத பழக்கங்கள். ஆட்டம் தொடங்குமுன் குறிப்பிட்ட உடுப்பைக் கதாபாத்திரத்துக்குப் போடுவது, வென்ற நாளில் இறங்கிய இடத்திலேயே மறுபடி இறங்குவது, குறிப்பிட்ட நண்பன் குழுவில் இருந்தால் தோற்போம் என்று அவனைக் கழற்றிவிடுவது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ட்ரோபிரியண்ட் தீவுகளில் கண்டது இங்கே உதவும். காயலுக்குள் மீன் பிடிப்பது பத்திரம், மீன் நிச்சயம், அதற்கு மந்திரம் கிடையாது. திறந்த கடலில் உயிராபத்து, மீன் கிடைப்பதும் நிச்சயமில்லை, அங்கே மந்திரச் சடங்குகள் மலிந்திருந்தன. நிச்சயமில்லாத இடத்தில்தான் சடங்கு வளர்கிறது. கிரிக்கெட்டைப் பாருங்கள். லசித் மாலிங்க ஆடிய காலத்தில் ஓடிவருமுன் பந்தை முத்தமிட்டு வந்தார். சனத் ஜயசூரிய ஒவ்வொரு பந்துக்கும் முன் கால்கவசம், தொடை, தலைக்கவசம் என்று வரிசையாகத் தொட்டு வந்தார். நிரை பிடித்து நின்றதும் 'பொலி' என்று மங்கலச்சொல் சொல்லி முதல் கொழுந்தைக் கூடையில் போடுகிற வழக்கமும் எங்கள் தோட்டங்களில் இருந்தது. அன்றைக்குக் கொழுந்து எடை காணுமா, முழு நாட்சம்பளமான 'பேர்' விழுமா என்பது எடுக்கிறவளின் கையில் மட்டுமா இருந்தது?

உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் எட்டுப் புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் இரை விழச்செய்தார். ஆறு புறாக்களுக்கு ஏதோவொரு விநோதப் பழக்கம் படிந்தது. ஒன்று கூண்டுக்குள் வட்டமிட்டது, ஒன்று மூலையில் தலையை முட்டியது. தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததை இரை வலுப்படுத்திவிட்டது என்றார் ஸ்கின்னர். 1971இல் ஸ்டாடனும் சிமெல்ஹாகும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து, அந்த அசைவுகளில் பல இரைக்காகக் காத்திருக்கும் எந்தப் புறாவும் இயல்பாகச் செய்பவை என்று மறுத்தார்கள். மறுப்பு நியாயமானது. ஆனால் மனிதரில் 1987இல் ஜப்பானின் கொய்ச்சி ஓனோ செய்த சோதனை இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. மாணவர்கள் முன் மூன்று நெம்புகோல்கள், புள்ளி காட்டும் கருவி ஒன்று. நெம்புகோலுக்கும் புள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களில் ஒரு மாணவி மேசைமேல் ஏறி, கடைசியில் கூரையைத் தொடத் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள், களைத்துப்போகும்வரை. எதைச் செய்தால் பலிக்கும் என்று தெரியாத இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் செய்துபார்ப்பது மனித இயல்பு.

இந்தப் பழக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு கிடையாது. நிலையில்லாத சிக்னலோடு, எந்த நேரமும் அணையக்கூடிய மின்சாரத்தோடு ஆடுகிறவனுக்கு அவை ஒரு பிடிமானம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது. சார்ஜ் இருபது வீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்காத பழக்கம் அந்தக் காலத்தில் படிந்து இன்றும் பலரிடம் நிற்கிறது. அதைக் கண்டிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கண்டிக்கவேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. ஃப்ரீ ஃபயருக்குள் 'லக் ரோயல்' என்று ஒரு பகுதி உண்டு. காசு கொடுத்து வைரம் வாங்கி, அதைக் கொடுத்துச் சக்கரம் சுற்றி, அபூர்வமான உடுப்போ துப்பாக்கி அலங்காரமோ விழுமா என்று பார்ப்பது. இந்த இடத்தில்தான் மிக விநோதமான பழக்கங்களைக் காணலாம். நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சுற்றுவது, சின்ன விரலால் தொடுவது, கைராசிக்காரி என்று தங்கையைக் கூப்பிட்டு அழுத்தச்சொல்வது. லூடோவில் ஆறு விழவேண்டுமென்று தாயக்கட்டையை நெடுநேரம் அழுத்திப்பிடித்து விடுவதும் இதே சாதி. அமெரிக்காவில் சூதாடிகள் சின்ன எண் வேண்டுமானால் தாயக்கட்டையை மெதுவாகவும் பெரிய எண் வேண்டுமானால் வேகமாகவும் வீசியதை ஜேம்ஸ் ஹென்ஸ்லின் 1967இலேயே பதிவு செய்திருக்கிறார். சக்கரத்தின் முடிவு நிறுவனத்தின் கணினியில் தீர்மானமாகிறது. அழுத்திய விரல் எது, யாருடையது என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் நாமே தொட்டு, நாமே தெரிந்தெடுத்தால் நம் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு வந்துவிடும். எலன் லாங்கர் 1975இல் இதை லொத்தர்ச் சீட்டு வைத்துக் காட்டினார். ஒரு டொலர் சீட்டைத் தாமே தெரிந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டொலர் கேட்டார்கள். கையில் கொடுக்கப்பட்டவர்கள் கேட்டது 1.96 டொலர். நம் நாட்டில் 'லக்ன வாசனா' சீட்டில் ராசி அச்சிட்டு விற்கிறார்கள். தன் ராசி பார்த்து வாங்குகிறவருக்குச் சீட்டுத் தன்னுடையதாகிவிடுகிறது. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் குதிரை ஓடும். அதைவிட வருடம் முழுவதும் எங்கோ இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே புக்கிக் கடையில் காசு கட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கடைகளின் கெடுதியைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கைக்குள் இருக்கிற சக்கரமும் அதே பொருள்தான் என்பதுதான் இன்னும் உறைக்கவில்லை. எப்போது பலிக்கும் என்று தெரியாமல், ஆனால் எப்போதாவது பலிக்கும்படி வெகுமதி வைத்தால் அந்தப் பழக்கம்தான் எளிதில் விடாது என்பது ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. பெல்ஜியம் இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் அறிவித்தது. எவ்வளவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிடவேண்டுமென்ற விதி 2017இலேயே சீனாவில் நடைமுறைக்கு வந்தது.

2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அட்டைக்கடிக்கும் மழைக்கும் இடையில், படங்கு கட்டிக்கொண்டு, கிலோக்கணக்கில் கொழுந்தெடுத்தால்தான் அந்தப் பேர் விழும். ரீலோட் காசும் வைரமும் வருவது அதிலிருந்துதான். திரையைத் துடைப்பதும், மூலை பிடித்து உட்காருவதும், உடம்பைச் சாய்ப்பதும் அம்மாவின் ஒரு பேரையும் குறைப்பதில்லை. சக்கரம் குறைக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வைத்த அளவுகோல் கடுமையானது. கட்டுப்பாடு இழக்கவேண்டும், வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் விளையாட்டு பின்தள்ளவேண்டும், கேடு கண்ணுக்குத் தெரிந்தும் தொடரவேண்டும், பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது அப்படி இருக்கவேண்டும். உடம்பைச் சாய்த்து ஆடுகிறான், தனக்குள் முணுமுணுக்கிறான், போனைச் சுற்றுகிறான் என்பதற்காகப் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கோவிலுக்குக் கயிறு கட்டக் கூட்டிப்போகிற பெற்றோருக்கும், வகுப்பில் நிறுத்தி வைத்து ஏசுகிற ஆசிரியருக்கும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளையின் விநோதப் பழக்கத்தை வைத்து அவன் நோயாளியா என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேளுங்கள். உடைந்த மூலை, ஒற்றைக்காது, சிக்னல் வருகிற படி என்று உங்கள் வீட்டைப் பற்றியே பதில் வரும். பிறகு போனை வாங்கி, ப்ளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லைப் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருங்கள். கொமியூனிகேஷன் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பிள்ளை தனியாக வந்து வைரம் கேட்டால் போடவேண்டாம் என்று.